55 நாள் ஐயா
நாவற்குடாவிலிருந்து கல்லடிப் பாலம் தாண்டி, மட்டக்களப்பு நகரத்து வங்கிகளையெல்லாம் ஏறி இறங்கி, 50 நாள் வட்டியில்லாக் கடனட்டையையும் 55 நாள் கடனட்டையையும் அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்து, பின்னதைத் தெரிவுசெய்து வீடு திரும்பும் 55 நாள் ஐயாவுக்கு, ஆண்டுக் கட்டணமும் தாமதக் கட்டணமும் அற்ப விடயங்கள். அவருடைய உயிர் தங்கியிருப்பது கூற்றுத் திகதியில், அதாவது ஒரு மாதக் கொள்வனவுகளைத் தொகுத்து வங்கி கணக்கை முடிக்கும், ஊரார் 'ஸ்டேட்மென்ட் டேட்' என்னும் நாளில். அதற்கு மறுநாள் வாங்கிய பொருளுக்கு அடுத்த கூற்று வரும்வரை ஒரு மாதமும், அதன்பின் பணம் கட்டுவதற்கு 25 நாளளவும் அவகாசம் கிடைக்க, முதல்நாள் வாங்கியதற்கோ அந்த 25 நாளே மிஞ்சும் என்பதால், 15ஆம் திகதி கூற்று வரும் இவ்வீட்டில் 16ஆம் திகதிக்கு முன் எப்பொருளும் பழுதடைய அனுமதியில்லை.

இவ்விதியை அறியாத குளிர்சாதனப் பெட்டி 2ஆம் திகதி மூச்சை விட்டு, உள்ளேயிருந்த வாவி இறால் நாறத் தொடங்கினால், மனைவி கேட்கும்போதெல்லாம் "மறுகா வாங்குவம்" என்று நாட்காட்டியைச் சுட்டுவார். ஐஸ் வாங்கக் காத்தான்குடிக்கு நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் போவார். அயல்வீட்டுப் பெட்டியில் மீனுக்கு இடம் கேட்டு, இடம் தந்தவருக்குக் கைம்மாறாகக் கூற்றுத் திகதியை அரைமணி நேரம் விளக்குவார். ஒன்றரை இலட்சம் ரூபாய்ப் பெட்டிக்கு 30 நாள் கூடுதல் அவகாசம், சேமிப்பு வட்டி ஆண்டுக்கு 4 வீதம் என்று கொண்டால், ஏறத்தாழ 500 ரூபாய் இலாபம் தரும். பெற்றோலும் இறாலும் அக்கணக்கில் சேர்வதில்லை. ஆயினும், இரண்டு கிழமை வெந்நீர் போன்ற தண்ணீரை முகஞ்சுளிக்காமல் குடிக்கும் அவருடைய பற்றுறுதியை மெச்சத்தான் வேண்டும்.

இணையவழிச் செலுத்துகையை நம்பாத அவர், முத்திரை குத்திய பற்றுச்சீட்டுக்காக இறுதி நாளன்றே வங்கிக்குப் போக, அது போயா விடுமுறையாக இருந்துவிடுவதும் உண்டு. ஓய்வூதியமும் பிள்ளைகள் அனுப்பும் வெளிநாட்டுப் பணமும் உடையவரை அதனால் வரும் தண்டம் வருத்தாது. ஆனால் அவர் பேச்சைக் கேட்டு அட்டை எடுத்த இளம் ஆசிரியர்களின் நிலை வேறு. கூற்றிலுள்ள முழுத்தொகையும் உரிய நாளுக்குள் சேராவிடில் சலுகை அற்றுப்போய், பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும் என்பதை அறியாமல், குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தவர்கள், பொருளாதார நெருக்கடியின்போது, 2022இல், அவ்வட்டி 36 வீதத்தைத் தொட்டபோதுதான் விழித்தனர். 55 நாளை அரைமணி நேரம் விளக்கியவர், இந்த நிபந்தனையை அரை நிமிடத்தில் சொல்லியிருக்கலாம்.