செக்ரோலை எரிக்காதீர்கள்

கேள்வி: அமெரிக்காவில் 1780 முதல் சாக்லேட் விற்ற பேக்கர் குடும்பத்தின் கணக்கேடுகளைக்கூடத் தேடிப் படிக்கிறார்களாம். எங்கள் தோட்டத்துப் பழைய செக்ரோலால் (தொழிலாளரின் வருகை, சம்பளப் பதிவேட்டால்) யாருக்கு என்ன லாபம்? (வாசகி, இரத்தினபுரி)

பதில்: உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு, தாயே! பால் வெட்டப் போன பாட்டிக்கு எந்த நாளில் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழுந்தது, அரிசிக்குச் சம்பளத்தில் எவ்வளவு பிடித்தார்கள் என்பதெல்லாம் அதில்தானே இருக்கிறது! 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி இலங்கைப் பிரஜாவுரிமை கேட்ட இந்திய வம்சாவளியினர், 1946க்கு முன் தொடர்ந்து 7 அல்லது 10 ஆண்டுகள் இங்கேயே வாழ்ந்ததாக நிரூபிக்க வேண்டியிருந்தது. தோட்டத்துப் பதிவேடு அவர்களுக்கு உயிர்ச் சான்று. தொழிலாளி கங்காணிக்குப் பட்ட கடனை எழுதிய ‘துண்டு’ முறை 1921இல் ஒழிந்தது. அந்தத் துண்டுகளில் ஒன்று தகரப்பெட்டியில் கிடைத்தாலும் புதையல்தான். எலியும் கறையானும் முந்துவதற்குள், பெரிய கிளாக்கரிடம் அனுமதி கேட்டு, பக்கம் பக்கமாகப் படமெடுத்து, ஆவணங்களை இணையத்தில் காக்கும் ‘நூலகம்’ நிறுவனத்துக்கு அனுப்பிவையுங்கள்.