முற்றத்துப் புல்

திருகோணமலையில் ஒரு காலம் வீட்டு முற்றத்தில் புல் நின்றால் அதற்கு இரண்டு அர்த்தம்தான். வீட்டில் ஆளில்லை; அல்லது, இருக்கிற ஆட்களுக்கு வெட்கமில்லை. டைக் வீதிப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டில் விடியமுன்னமே அப்பாச்சி ஈர்க்குமாற்றோடு முற்றத்தில் இறங்கிவிடுவா. மணலில் வளைவு வளைவாகக் கோடு விழும். கூட்டுகிற கையோடு குனிந்து, தலைகாட்டிய அறுகை வேரோடு பிடுங்கி வேலிக்கு வெளியே எறிவா. பிள்ளையாருக்கு வைக்கிற அறுகு வேறு, முற்றத்தில் முளைக்கிற அறுகு வேறு என்பது அவவின் சித்தாந்தம். "முத்தத்தில புல்லு முளைக்க விட்டா பாம்புதான் குடிவரும்" என்பா.

அந்த நாளில் புல் வளர்ப்பது வெள்ளைக்காரர் வேலை. பெரியப்பா டொக்யார்ட்டில் இருந்தவர். 1957இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கொடுத்துவிட்டுப் போகும்வரை துரைமாரின் பங்களாக்களைக் கிட்ட நின்று பார்த்தவர். ஆள் வைத்துத் தண்ணீர் ஊற்றிப் புல்லை வளர்க்கிறார்கள், வளர்ந்ததும் ஆள் வைத்து வெட்டுகிறார்கள், வெட்டியதை எறிகிறார்கள். வளவில் ஒரு மாடுகூட இல்லை. பிறகு எதற்கு இந்தப் பாடு என்பது அவருக்குச் சாகும்வரை விளங்கவில்லை.

எனக்கு இப்போது கொஞ்சம் விளங்குகிறது. இங்கிலாந்தில் வருஷம் முழுக்கத் தூறிக்கொண்டிருக்கும். புல் கேட்காமலே வளரும். 1830இல் எட்வின் பட்டிங் புல்வெட்டும் யந்திரத்தைச் செய்யும்வரை அங்கே அரிவாளும் ஆடும்தான் அதைக் கட்டுப்படுத்தின. எங்கள் வானம் அப்படியல்ல. ஐப்பசியிலிருந்து தை வரை கொட்டித் தீர்த்துவிட்டுக் கையை விரித்துவிடும். வைகாசி தொடங்கினால் கச்சான் காற்று, மேற்கே இருந்து அனலாக. அந்தக் காற்றில் கொடியில் போட்ட சாரம் பிழியாமலே காய்ந்துவிடும்.

1990 ஆனியில் சண்டை மூண்டு ஊரைவிட்டு ஓடினோம். அப்போது அப்பாச்சி இல்லை. திரும்பி வந்து பார்த்தால் கதவு இல்லை, யன்னல் இல்லை, கிணற்றுக் கப்பிகூட இல்லை. முற்றத்தில் இடுப்பளவுக்குப் புல். ஒருவரும் தண்ணீர் ஊற்றவில்லை, உரம் போடவில்லை. அவ்வளவு பச்சையான புல்லை அந்த வளவில் நான் பிறகு காணவேயில்லை. நாலு பேர் கத்தியோடு இறங்கி அதை வெட்டி எரித்தோம்.

இப்போதைய கதைக்கு வருகிறேன். தம்பி ரொறன்ரோவில். அங்கே வீட்டு முன் புல் 20 சென்றிமீற்றருக்கு மேல் வளர்ந்தால் மாநகரசபை நோட்டீஸ் அனுப்பும். அவன் வந்து வீட்டைத் திருத்திக் கட்டினான். நிலாவெளி வீதியில் உள்ள போர்க் கல்லறைக்குப் போனவன், பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் பொறுப்பில் உள்ள அந்தப் புல்தரையைக் கண்டு மயங்கித் திரும்பினான். "செத்த வெள்ளைக்காரனுக்கு இவ்வளவு வடிவான புல்லு, உயிரோட இருக்கிற எங்களுக்கு மண்ணா அண்ணை?" என்றான்.

சதுர அடிக் கணக்கில் விலை பேசி ஒருவர் லொறியில் 'மலேசியன் புல்' கொண்டுவந்து இறக்கினார். பெயர்தான் மலேசியா. அக்சனோபஸ் என்று தாவரவியல்காரர் சொல்லும் இந்த அகல இலைப் புல்லின் தாய்நாடு அமெரிக்கக் கண்டம். ஆக, அமெரிக்கப் புல், மலேசியப் பெயர், கனடாக் காசு, திருகோணமலை வெயில்.

தை மாதம் அது பச்சைப் பசேலென்று வட்சப்பில் ஊர் சுற்றியது. வைகாசியில் மஞ்சள். ஆனியில் சொட்டை. நோய்க்கு வைத்தியம் சொல்லாத ஆளில்லை. பக்கத்து வீட்டு அக்கா கண்ணூறு என்றா. உரக்கடைக்காரர் யூரியா என்றார். 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்து அந்த வருஷமே தடையை எடுத்தார்களே, அப்போது வயலுக்கு யூரியா இல்லாமல் கமக்காரர் பட்ட பாட்டை நினைத்தால், முற்றத்தில் அதை அள்ளி வீசக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் தம்பி வீடியோவில் நின்று கட்டளையிட, வீசியாயிற்று. வீசிய இடமெல்லாம் கருகிற்று.

கடைசியில் சம்பல்தீவிலிருந்து ஒரு ஐயா வந்தார். தோட்ட வேலையிலேயே நரைத்தவர். புல்லைப் பார்க்கவேயில்லை; மண்வெட்டி கேட்டார். ஓரத்தில் கொத்தித் தூக்க, தோளிலிருந்து சால்வையை எடுத்ததுபோலப் புல் முழுசாகக் கையோடு வந்தது. வேர் அரை விரல் நீளமில்லை. அதற்குக் கீழே நாலு விரல் மண். அதற்கும் கீழே, சீமெந்துக் கட்டி, ஓட்டுத் துண்டு, பெயின்ற் வாளி மூடி, கம்பிச் சுருள். மேசன்மார் விட்டுப்போனதை மூடி, அதன்மேல் புல்லைப் பரப்பியிருந்தார்கள். மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்ததைச் சுரண்டி நாக்கில் வைத்துத் துப்பினார். "உப்பு. கிணத்துத் தண்ணிதானே அடிக்கிறியள்?"

கிணற்றுத் தண்ணீர்தான். கோடையில் உவர்க்கும். அதையும் பின்னேரம் பின்னேரம் பத்து நிமிஷம் தெளித்தால் மேல்மண் மட்டும் நனையும். வேருக்குக் கீழே இறங்க என்ன அவசரம்? மேலேயே கிடக்கும். தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு தங்கிவிடும். ஐயா ஓர் இலையைப் பிடித்து வெயிலுக்குக் காட்டினார். நரம்பு பச்சை, இடையில் மஞ்சள். சீமெந்துத் தூளும் சிப்பி மணலும் சேர்ந்து மண்ணைச் சுண்ணாம்பாக்கிவிட்டன. அதில் இரும்பு இருந்தும் புல்லுக்குக் கிடைக்காது. இந்தப் புல்லுக்குப் புளித்த மண்ணும் ஈரமும் வேண்டும். "இது பசியில்லைத் தம்பி. சாப்பாடு முன்னால இருக்கு, வாய் திறக்கேலாது. அதுக்குள்ள யூரியாவை வேற திணிச்சிட்டியள்."

கல்லறைப் புல்லைப் பற்றியும் கேட்டேன். "அங்க அதைப் பாக்கச் சம்பளத்துக்கு ஆள் இருக்கு. இங்க ஆர் இருக்கினம்?" என்று வீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

வைத்தியம் எளிது, முதுகுதான் பாவம். கட்டிட இடிபாட்டை ஒரு முழ ஆழத்துக்குத் தோண்டி அள்ளினோம். கன்னியாப் பக்கத்துச் செம்மண்ணோடு உக்கிய மாட்டெருவும் இலைச்சருகும் கலந்து நிரப்பினோம். ஐப்பசி முதல் மழைக்குக் காத்திருந்து, வயல் வரம்பில் பிடுங்கிய அறுகைக் கணுக்கணுவாக நறுக்கிச் சாணுக்கு ஒன்றாக நட்டோம். அறுகு உப்பையும் கச்சானையும் தாங்கும். நிழலை மட்டும் தாங்காது. ஆகவே வேம்பின் கீழ்ப் பாதியை மணலாகவே விட்டோம். அதை நான் கூட்டுகிறேன். வெட்டும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதில்லை. கோடையில் தண்ணீர் கிழமைக்கு இரண்டுதரம்தான், ஆனால் ஊற ஊற. அதுவும் குழாய்த் தண்ணீர். குழாய்த் தண்ணீர் என்றால் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர். கோணேசர் கோயில் வயலுக்காகக் குளக்கோட்டன் கட்டுவித்தான் என்று நாங்கள் பெருமை பேசுகிற குளம். மாதக் கடைசியில் பில் வரும்போது மன்னனின் ஞாபகமும் வருகிறது.

அப்பாச்சி ஆயுள் முழுக்கப் பிடுங்கி எறிந்த புல்லுக்குத் தம்பி இப்போது கனடாவிலிருந்து செலவு அனுப்புகிறான். நன்றாகத்தான் பிடித்திருக்கிறது.

கடற்கரைப் பக்கம் வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு சொல். மேசன்மாருக்குக் கடைசிக் கூலி கொடுக்கமுன்னம் இடிபாட்டை அள்ளுவியுங்கள். ஐப்பசிக்கு முன் புல் நடாதீர்கள். அறுகு வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்கவேண்டாம், எங்கள் வளவில் பிடுங்கிக்கொண்டு போகலாம். போகும்போது கேற்றைச் சாத்திவிட்டுப் போங்கள். வீதியில் மாடும் நிற்கிறது, மானும் நிற்கிறது.