மருமகனுக்கு வெளிச்சம் பத்தல

மருமகனே, புது வீட்டைப் பாத்தேன். கூடத்துச் சீலிங்ல மட்டும் 30 எல்இடி பதிச்சிருக்க. "எல்லாமே கரண்ட் மிச்சம் பண்ற பல்பு மாமா"ன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொல்ற. நல்லா மிச்சம் பண்ணின போ! ஒண்ணு 10 வாட்டுன்னா மொத்தம் 300. உன் தாத்தன் வீட்டுக்கே ஒத்தை 60 வாட் குண்டு பல்பு போட்டு, அதுலயே ஏழு புள்ளைகளை வளத்தாரு. அப்பிடி அஞ்சு பல்பு இழுக்குற கரண்டு உன் ஒரு கூடத்துக்கு. ராத்திரி 5 மணி நேரம் எரிஞ்சா ரெண்டு மாசத்துல 90 யூனிட்டு. கவர்மெண்டு இனாமாக் குடுக்குற 100 யூனிட்ல, மிக்சிக்கும் ஃபேனுக்கும் பத்து விட்டுவச்ச உன் தயாள குணம் யாருக்கு வரும்?

எல்இடி பல்பு மேல குத்தமில்லப்பா. குண்டு பல்புல கம்பி 2500 டிகிரிக்குக் காயும். அம்புட்டுக் காஞ்சும், வாங்குன கரண்ட்ல 100க்கு 5 பங்குதான் வெளிச்சம், மிச்சம் சூடு. கோழிக்குஞ்சு வளக்குறவனுக்கு அது தோது.

சுருட்டை பல்புல, அதான் சிஎஃப்எல், பாதரச ஆவி புற ஊதாக் கதிரைக் கக்கும். கண்ணாடிக்கு உள்பக்கம் பூசின பொடி அதை வெளிச்சமாக்கும். பழுதாப்போன பல்பையெல்லாம் கொல்லையில கீரைப் பாத்தி ஓரமா வீசியிருக்கியே, பாதரசக் கீரைக் கடைசலா?

எல்இடில காயுற கம்பி கிடையாது. குறைகடத்தித் துணுக்குல கரண்டு பாஞ்சா நீல வெளிச்சம் வரும். மேல மஞ்சப் பூச்சு இருக்கு, ரெண்டும் கலந்தா வெள்ளை. சிவப்பும் பச்சையும் முன்னாடியே வந்துடுச்சு. பளிச்சுன்னு நீலத்தை எரிய வைக்கத்தான் பாடாப் பட்டாங்க. அதைச் சாதிச்ச அகசாகி, அமானோ, நகமுரா மூணு பேருக்கும் 2014-ல நோபல் பரிசு. நீ அந்த எல்இடியைக் காத்துப் புகாத சீலிங்ல அடைச்சு வச்சிருக்க. துணுக்கு தாங்கிக்கும், அந்தச் சூட்டுல கூட இருக்குற டிரைவர், அதான் துணுக்குக்குத் தோதாக் கரண்டை மாத்திக் குடுக்குற சர்க்யூட்டு, செத்துப்போகும். அப்புறம் கடைக்காரனை வையுறதுக்கு நீ தயாரா இருப்ப.

கடையிலயும் "எத்தனை வாட்டு?"ன்னுதானே கேக்குற? மாடு வாங்கப் போறவன் தீவனம் எவ்வளவு திங்கும்னு மட்டும் கேட்டுட்டு, பாலைப் பத்தி வாயே தெறக்காம வருவானா? அட்டையில வெளிச்சத்தோட அளவை லூமன்னு போட்டிருக்கும், அதைப் பாரு. 60 வாட் குண்டு பல்பு 700 குடுத்த இடத்துல, 9 வாட் எல்இடி 900 குடுக்கும்.

அது கிடக்கட்டும். சாமி படத்துக்கு முன்னாடி ராப்பகலா எரியுதே செவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு, அதை நீ கணக்குலயே சேக்கல. பேருதான் ஜீரோ, இழுக்குறது 15 வாட்டு. பழைய சக்கர மீட்டரு அதைக் கண்டுக்காதுன்னு அந்தப் பேரு வந்துச்சாம். இப்ப இருக்குற மீட்டருக்கு பக்தியெல்லாம் கிடையாது, ரெண்டு மாசத்துல 21 யூனிட்டுக்கு மேல எழுதிப்புடும். அரை வாட்டுல செவப்பு எல்இடி கடையில தொங்குது. வாங்கி மாத்து. ஆனா உங்கம்மாகிட்ட நீதான் சொல்லணும். எனக்குத் தங்கச்சிதான், இருந்தாலும் மதியச் சாப்பாடு இன்னும் போடல பாரு.