அளவு நாடாவுக்கு வெட்கமில்லை

கேள்வி: கடையில் ஆண்களிடம் பிரா அளவு சொல்லக் கூச்சமாக இருக்கிறது. வீட்டிலேயே தைக்கலாமா?
– வாசகி, மருதமுனை

பதில்: தாராளமாக! 1914இல் அமெரிக்காவில் மேரி பெல்ப்ஸ் ஜேக்கப் காப்புரிமை பெற்ற பிரா, இரண்டு பட்டுக் கைக்குட்டையிலும் ரிப்பனிலும் பிறந்ததுதான். சாரனும் சேலையும் நெய்யும் மருதமுனைக்கு இதென்ன மலையா? மார்புக்குக் கீழே ஒரு சுற்றளவு, மார்பின் நிறைவான இடத்தில் ஒன்று எடுங்கள். பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவது தோள்பட்டி அல்ல, கீழ்ப்பட்டி. அது கச்சிதமாகப் பொருந்தட்டும். இழுபடும் துணியை உடம்பைச் சுற்றி இழுபடும்படி வெட்டி, ஸிக்ஸாக் தையல் போடுங்கள். நேர்த்தையல் இழுத்தால் அறுந்துவிடும். நம் வெயிலுக்கு உள்ளே பருத்தி வையுங்கள். இலங்கைத் தொழிற்சாலைகளில் நம் பெண்கள் வெளிநாட்டுக்கே பிரா தைத்து அனுப்புகிறார்கள். உங்களுக்கு நீங்கள் தைப்பதில் கூச்சமென்ன? இன்றே தொடங்குங்கள்.