சாம்பிள் மாமா

காடியைத் தொடுவதற்கு முன் அவர் யாரையும் கேட்பதில்லை. "பசியாறியாச்சா தம்பி?" என்றபடி வருவார். நாம் வாயைத் திறப்பதற்குள் அவருடைய வலது கட்டைவிரல் நம் பானெட்டின் மேல் ஓர் இழுப்பு இழுத்திருக்கும். அந்த விரலை அப்படியே நம் மூக்குக்கு நேராக நீட்டுவார். "பாத்தியா, மாவு!"

மாவுதான், இல்லையென்று யார் சொன்னது? ஈப்போ வெயிலில் வருஷக்கணக்காக நிற்கும் பழைய காடியின் சாயம் மாவாகத்தான் உதிரும். சாயத்தைப் பிடித்து வைத்திருக்கும் பிசினை வெயிலின் புற ஊதாக் கதிர் அரித்துவிடுகிறது. நிறத்தூள் நாதியற்று மேலே கிடக்கிறது. சிவப்புக் காடி என்றால் இன்னும் மோசம், முதலில் ரோஸாகி, பிறகு பெயர் வைக்க முடியாத ஒரு நிறமாகிவிடும். இதெல்லாம் நமக்கும் தெரியும். பிள்ளையின் டியூஷன் காசா காடியின் அழகா என்று வரும்போது காடி தோற்றுப்போகிறது, அவ்வளவுதான்.

அதோடு விட்டாலும் பரவாயில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பா வெளியே வரும். பின்னாலேயே நைந்துபோன வேட்டித் துண்டு வரும். (வேட்டித் துண்டுதான் வேண்டும். தேர்தலுக்குத் தேர்தல் கட்சிக்காரர்கள் கொடுக்கும் பனியனை அவர் எடுப்பதில்லை. பாலியெஸ்டராம், கீறிவிடுமாம். எந்தக் கட்சியும் இதில் விதிவிலக்கில்லை.) பானெட்டின் நட்டநடுவில், உள்ளங்கை அகலத்துக்கு, கம்பவுண்டைத் தொட்டு வைத்துத் தேய்க்க ஆரம்பிப்பார். "சும்மா சாம்பிள்தான் தம்பி."

ஐந்தே நிமிடம். துடைத்துவிட்டு விலகி நிற்பார். அந்த இடத்தில் மேகம் தெரியும், மின்கம்பி தெரியும், கம்பியில் உட்கார்ந்திருக்கும் மைனாகூடத் தெரியும். அதுவரை சுமாராக இருந்த மிச்சக் காடி, அந்த நொடியிலிருந்து சகிக்காது. "மிச்சத்த ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம்" என்று டப்பாவை மூடிக்கொண்டு போய்விடுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை எந்த நாள்காட்டியிலும் அச்சாகவில்லை.

எங்கள் தாமானில் நிற்கும் விரா, கஞ்சில், பழைய மைவி எல்லாவற்றின் நெற்றியிலும் இப்படி ஒரு சதுரம் மின்னுகிறது. புதிதாகக் குடிவந்த சீன அன்ட்டி ஒருவர், இது தைப்பூசத்துக்குப் போடும் அடையாளமா என்று என்னிடம் மரியாதையாக விசாரித்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உண்மையை விளக்க அரை நாள் ஆகும்.

சுங்கை சிப்புட்டில் ஒரு சாவு வீடு. கூடாரத்துக்கு அடியில் நாங்களெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறோம். இவர் மட்டும் காணோம். தேடிப் போனால், சாலையோரம் வரிசையாக நிற்கும் காடிகளுக்கு நடுவே ஒவ்வொரு பானெட்டாகத் தடவிக்கொண்டு போகிறார். திரும்பி வந்தபோது கட்டைவிரல் குங்குமத்தில் தோய்த்ததுபோல் சிவந்திருந்தது. இறந்தவரின் மைத்துனரிடம் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தார். விசாரித்த கையோடு, "அந்தச் செவப்பு விரா ஒங்களோடதா? நெழல்ல நிப்பாட்டுங்க" என்றார். அவர் அழுதுகொண்டே தலையாட்டினார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மனிதருக்குக் கை இருக்கிறது. பேராக்கில் ரப்பர் என்றால் எல்லாரும் 1877-இல் கோலகங்சாரில் நட்ட கன்றுகளைச் சொல்வார்கள். எனக்கு இவர் கைதான் நினைவுக்கு வரும். இளமையெல்லாம் பால்மரம் சீவிய கை. மரப்பட்டையை ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு மில்லிமீட்டர், சற்றுக் கூடினால் ஒன்றரை, அவ்வளவுதான் சீவலாம். கத்தி கட்டையைத் தொட்டால் மரம் காயப்பட்டு முடிச்சு விழும், தண்டல் வந்து பரம்பரையையே இழுத்துத் திட்டுவார். விடியாத இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில் பழகிய அளவு அது. காடியின் மேல் பூச்சு அதைவிட எத்தனையோ மடங்கு மெல்லிசு, ஒரு தலைமுடிப் பருமன்கூட இராது. அதைத் தேய்க்கும்போது இவர் விரல் அடியில் ஏதோ கேட்கிறது போலிருக்கும், சட்டென்று நிறுத்திவிடுவார். காலை வெயில் ஏறுவதற்குள் முடிப்பார், தகடு சூடானால் கம்பவுண்டு காய்ந்து ஒட்டிக்கொள்ளும் என்பார். மேல் பூச்சு தேமல் மாதிரி உரிய ஆரம்பித்த காடியைத் தொடவே மாட்டார். "இது தேச்சா சரியாவாது. பட்டறைக்குக் கொண்டு போய்ச் சாயம் அடி."

தோட்டத்தில் இருந்தவரை அவருடைய காடிக்கு எந்தக் குறையும் இல்லை. கிராணியிடமிருந்து இரண்டாம் கையாக வாங்கிய சிவப்பு சாகா, 1985-இல் மகாதீர் வெளியிட்டாரே அதே ரகம், ரப்பர் மர நிழலில் நின்றது. எப்போதாவது கொட்டை வெடித்துக் கூரையில் விழும், அவ்வளவுதான் சேதம். தோட்டத்தை விற்றார்கள், லயத்தை இடித்தார்கள், மரத்தையெல்லாம் சாய்த்துவிட்டுத் தாமான் கட்டினார்கள். நிழல் போன பிறகுதான் சாகா மாவாக ஆரம்பித்தது, இவரும் தேய்க்க ஆரம்பித்தார். இப்போது அந்தச் சாகாவைக் கண்ணாடி என்றே சொல்லலாம். பானெட்டின் ஓரத்தில் மட்டும் சாம்பல் நிற அடிப்பூச்சு எட்டிப் பார்க்கிறது. அங்கே சாயம் எப்போதுமே மெல்லிசு, இவர் தேய்த்ததோ எக்கச்சக்கம். யாராவது வந்தால் அந்த ஓரத்தில் சாய்ந்து நின்றுகொள்வார். ஒருமுறை நான் கவனித்துவிட்டேன். "அது நெழலு தம்பி" என்றார். உச்சி வெயில்.

சரி, என் நஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். என் பழைய விராவை விற்கப் போனேன். வியாபாரி காடியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பானெட்டின் நடுவில் நின்றான். "இங்கே இடிச்சுத் திரும்பச் சாயம் அடிச்சிருக்கு." இல்லை, இதுதான் அசல், சுற்றிலும் உள்ளதுதான் கெட்டுப்போனது என்று விளக்கினேன். நல்ல இடத்தை வைத்து ஒரு காடி சந்தேகத்துக்கு ஆளாவதை அன்றுதான் பார்த்தேன். விலையைக் குறைத்துத்தான் வாங்கினான். இதில் சிரிக்க எதுவும் இல்லை. அடுத்தவன் பொருளைத் தொடும் முன் ஒரு வார்த்தை கேட்டால் என்ன? தொட்டால் முழுசாகச் செய்தால் என்ன? மரம் சீவும்போது பாதி மரத்தை விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறாரா?

போன மாதம் அவருடைய பேரன் புதுக் காடி வாங்கி, ஈப்போவில் ஒரு கடையில் ஆயிரம் வெள்ளிக்கு மேல் கொடுத்து செராமிக் பூச்சுப் போட்டுக்கொண்டு வந்தான். மாமா கட்டைவிரலை இழுத்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி இழுத்தார். விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அன்று சாயங்காலம் முழுக்க யாரோடும் பேசவில்லை. பிழைத்தோம் என்று தாமானே நினைத்தது.

மறுவாரம் பார்த்தால், முன் விளக்கைப் பிடித்துக்கொண்டார். பிளாஸ்டிக் விளக்கு வெயிலில் மஞ்சளடிக்கும், பற்பசை போட்டுத் தேய்த்தால் கொஞ்ச நாளைக்குத் தெளியும். பாதுகாப்புப் பூச்சு போனது போனதுதான், திரும்ப மஞ்சளாகும். அது அவருக்கும் தெரியும். ஆனாலும் இப்போது எங்கள் வரிசையில் எந்தக் காடியைப் பார்த்தாலும் ஒரு விளக்கு பளிச்சென்று, இன்னொன்று மஞ்சள். அது ஞாயிற்றுக்கிழமைக்கு.

நேற்றுக் காலை அத்தை வாசலில் வந்து நின்றார். "தம்பி, பல்லு வெளக்கக் கொஞ்சம் கோல்கேட் இருந்தா குடுங்க. எங்க வீட்டுல காடிக்கே பத்தல."