தம்பி புதுசு

கோப்பு காணோமா? ஆபீஸ் அண்ணன் என்னைக் காட்டிச் சொல்வார்: "தம்பி புதுசு சார்." மூன்று நினைவூட்டு வந்தும் பதில் போகவில்லையா? "தம்பி புதுசு சார்." அந்தத் தபால் அண்ணனின் தன்பதிவேட்டில், அண்ணனின் கோழிக்கிறுக்கலில், போன தைமாதமே பதிவாகியிருக்கும். அதனாலென்ன, தம்பி புதுசு.

இந்தச் சொல் எல்லா வேற்றுமையும் ஏற்கும். தேர்தல் பணி வந்தால் இரண்டாம் வேற்றுமை: "புதுசை அனுப்புங்க." பொங்கலுக்கு முன்னால் நான்காம் வேற்றுமை: "புதுசுக்கு எதுக்கு லீவு?" மணி பதினொன்று ஆனால் விளி: "ஏ புதுசு, ஆறு டீ, ஒண்ணு சர்க்கரை இல்லாம." டீயோடு வரும் மசால்வடையில் பாதியைப் பிய்த்து அண்ணன் என் பக்கம் தள்ளுவார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் குரூப் 4 எழுதி இங்கே வந்து ஆறு வருஷம். பவானிசாகர் பயிற்சி முடிந்தது. 2 ஆண்டு தகுதிகாண் பருவம் முடிந்து ஆணையும் கைக்கு வந்துவிட்டது. மகள் பால்வாடிக்குப் போகிறாள். இளநிலை உதவியாளரில் இருக்கிற 'இளநிலை' பதவி உயர்வு வந்தால் உதிர்ந்துவிடும். அண்ணன் கொடுத்த 'புதுசு' உதிராது. ஒருமுறை அவர் தொலைத்த கோப்புக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை என் பெயருக்கு வந்தது. அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

ஜன்னலைத் திறந்தால் ராஜகிரிக் கோட்டை. அதை ஆண்ட தேசிங்குராஜா, கப்பப் பாக்கித் தகராறில் ஆற்காட்டு நவாபோடு மோதி 1714இல் செத்தபோது வயசு 22 இருக்கும் என்கிறார்கள். ஆட்சிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எங்கள் அண்ணன் மட்டும் அப்போது கோட்டையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தால் "ராஜா புதுசு சார்" என்று நவாபுக்கு ஓர் ஓலை அனுப்பி, சண்டையே இல்லாமல் செய்திருப்பார்.

இப்போது லீவைக் களஞ்சியம் செயலியில்தான் போட வேண்டும். அண்ணன் போனை மேலும் கீழும் தடவிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் என் மேஜைக்கே வந்து, "தம்பி, இதைக் கொஞ்சம் பாரேன்" என்றார். ஆறு வருஷமாக நான் காத்திருந்த நிமிஷம். கண்காணிப்பாளரும் தலையைத் தூக்கி, "என்ன, தெரியலியா?" என்று கேட்டார்.

"ஆப்பு புதுசு சார்."