மாட்டு வண்டியும் மதகும்

கே: கொள்ளிடத்தில் மணல் போனதே கரையோர கிராமத்து ஜனங்களால்தானாமே? (ஸ்ரீரங்கம் வாசகர்)

ப: மாட்டு வண்டிக்காரர் மேல் பழி போட்டால் யார் கேட்கப்போகிறார்கள்! 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடம் அணையின் 9 மதகுகள் வெள்ளத்தோடு போயின. 1836-ல் ஆங்கிலேயப் பொறியாளர் காட்டன் கட்டியது, வயசாகிவிட்டது என்றது அரசு. வயசுதான் காரணமென்றால், அதற்குக் கிழக்கே இருக்கிற கல்லணை என்றைக்கோ போயிருக்க வேண்டுமே! கண்டபடி மணல் அள்ளியதுதான் காரணம் என்றார்கள் விவசாயிகள். அவர்களுக்கு ஆற்றைப் பற்றி என்ன தெரியும், பாவம், அதன் கரையிலேயே பிறந்தவர்கள். பொக்லைன் இறக்கி லாரி லாரியாக ஏற்றிய குவாரிக் கான்ட்ராக்டர்கள் மதகுக்காக ஒரு மூட்டை சிமென்ட் கொடுத்ததாகக்கூட நான் கேள்விப்படவில்லை. 2023-ல் மணல் கணக்கு கேட்டு அமலாக்கத்துறை சம்மன் அனுப்பியது திருச்சி உள்ளிட்ட 5 மாவட்ட ஆட்சியர்களுக்கு. பட்டியலில் மாட்டு வண்டிக்காரர் யாருமில்லை.